ஆடத் தெரியாத ஆசிரியர்கள் நடத்திய ஆட்டப் பாடவேளை: ஒரு வட்டாரப் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்கு மேற்கே ஒரு வட்டாரத்தில், 2023-24 கல்வியாண்டில், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 22 பேருக்கு நடனப் பாடம் நடத்தப் பயிற்சி கொடுத்தோம். ஒருங்கிணைத்த மூவரில் நானும் ஒருவன். வந்தவர்களில் 18 பேர் பெண்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். பள்ளிகளின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிகளில் நடனம் என்றால் ஆண்டு விழா. விழாவுக்கு ஒரு மாதம் முன்பு "நல்லா ஆடுற பிள்ளைங்க" பத்துப் பேரைப் பொறுக்குவார்கள். ஒரு சினிமாப் பாட்டு, வாடகைக்கு உடை, மதியம் இரண்டு பாடவேளை ஒத்திகை. மற்ற பிள்ளைகள் வகுப்பில் கையெழுத்து எழுதிக்கொண்டிருப்பார்கள். 2022-23இல் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை கலைத் திருவிழாப் போட்டிகள் தொடங்கிய பிறகு, கீழ் வகுப்பிலிருந்தே ஆள் தயார் செய்ய வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியது.

கலைக்கு, தையலுக்கு, உடற்கல்விக்கு என்று 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் 6 முதல் 8ஆம் வகுப்புக்கானவர்கள். ஒன்று முதல் ஐந்து வரை எல்லாம் வகுப்பாசிரியர் தலையில்தான். அவர்கள் கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது: எண்ணும் எழுத்தும் என்ற தொடக்க வகுப்புகளுக்கான அரசுக் கற்றல் திட்டம் வந்ததிலிருந்து பாட்டும் கையசைவும் அன்றாட வேலை. இது பலம் என்று நினைத்தோம். பாட்டின் சொல்லுக்குச் சொல் கையைக் காட்டுவதுதான் நடனம் என்ற எண்ணத்தையும் அதுவே ஊன்றியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் வைத்துக்கொண்ட இலக்கு சிறியது. வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம். வகுப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் ஆட வேண்டும். வகுப்பாசிரியரே நடத்த வேண்டும். மேடை கிடையாது.

ஜூலை: முதல் இரண்டு நாள்

பக்கத்து ஊரில் ஒயிலாட்டம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவரை அழைத்தோம். அறுபதைத் தாண்டியவர். வட்டார வள மையத்தில் நாற்காலிகளை ஓரம்கட்டி, ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்து, இரண்டே நாளில் ஒரு முழு ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது என்று திட்டம். ஒயிலாட்டத்தில் ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள்; முன்னவர் ஒரு அடி பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள்; துணி வீசும் கையும் சலங்கைக் காலும் சேர்ந்து போக வேண்டும். பார்க்க எளிதாகத் தெரியும்.

முதல் நாள் மதியமே வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்ல ஒரு அடவு நாலு ராத்திரி சார். நீங்க ரெண்டு நாள்ல பன்னெண்டு கேக்குறீங்க." அடவு என்றால் கையும் காலும் சேர்ந்து செய்யும் ஓர் அசைவுக் கோவை. கேட்டுக்கொண்டேன். ஆனாலும் பயிற்சியை நிறுத்தவில்லை. கால அட்டவணை ஏற்கெனவே மேலதிகாரிகளுக்குப் போய்விட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

இரண்டாம் நாள் முடிவில் எல்லாரும் ஒரு மாதிரி ஆடிவிட்டார்கள். சிரிப்பும் கைதட்டலுமாக இருந்தது. ஒவ்வொருவரும் முழு ஆட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார்கள். கருத்துப் படிவத்தில் 22 பேருமே "மிகவும் பயனுள்ளது" என்று குறித்திருந்தார்கள். அந்தப் படிவத்தை நம்பியது எங்கள் முதல் தவறு.

ஆகஸ்ட்: பள்ளிகளில் பார்த்தவை

ஐந்து வாரம் கழித்துப் பள்ளிகளுக்குப் போனோம். 22 பேரில் மூவர் மட்டுமே ஒரு பாடவேளையாவது நடத்தியிருந்தார்கள். மூன்று வகுப்புகளும் ஒரே அச்சு. வீடியோவை ஓடவிட்டு, புளூடூத் ஸ்பீக்கரைப் போட்டு, ஆசிரியர் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் ஆட, பிள்ளைகள் பின்னால் மூன்று வரிசை. முதல் வரிசையில் வழக்கமான கெட்டிக்காரப் பெண்கள். கடைசி வரிசையில் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் திரும்பிப் பார்த்தால் அடி மறந்துவிடும். அதனால் அவர் திரும்பவே இல்லை. 40 நிமிடத்தில் ஒரு பிள்ளையின் காலைக்கூட அவர் பார்த்திருக்க வழியில்லை.

நடத்தாத 19 பேரிடம் காரணம் கேட்டோம். நேரமில்லை, இடமில்லை என்பவை முதலில் வந்தன. கொஞ்சம் பேசிய பிறகு வந்தவை வேறு. "எனக்கே பாதிதான் ஞாபகம் இருக்கு சார், பிள்ளைங்க முன்னாடி தப்பா ஆடினா மரியாதை போயிரும்." "சேலையில குனிஞ்சு நிமிர முடியல." 52 வயதுள்ள ஓர் ஆசிரியை, முழங்கால் வலிக்காரர், சுருக்கமாகச் சொன்னார்: "நான் ஆடினாத்தான் பாடம்னா, எனக்கு அந்தப் பாடம் கிடையாது."

அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் பயிற்சியின் கோளாறு முழுக்க இருந்தது. ஆசிரியர்களை ஆட்டக்காரர்கள் ஆக்கப் பார்த்திருக்கிறோம். ஒரு வகுப்பை எப்படித் தொடங்குவது, எதைக் கவனிப்பது, எங்கே நிறுத்துவது என்று ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர்கள் எழுதிய பாடக்குறிப்புகளும் இதையே காட்டின. கற்றல் விளைவு என்ற கட்டத்தில் பலரும் "மாணவர்கள் ஒயிலாட்டம் பற்றி அறிவர்" என்று எழுதியிருந்தார்கள். சமூக அறிவியல் குறிப்பேட்டில் பெயரை மட்டும் மாற்றியது போல.

எண்ணிக்கையில் வந்த சிக்கல்

ஒரு பள்ளியில் ஆசிரியை ஒயிலாட்டத்தை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த கும்மியை எடுத்திருந்தார். நல்ல முடிவு. சின்ன வயதில் ஆடியவர், பாட்டும் மனப்பாடம். ஆனால் பிள்ளைகள் மூன்றாவது சுற்றிலேயே குலைந்துபோனார்கள். மறுபடி தொடங்கினாலும் அதே இடத்தில் அதே குலைவு.

அரைமணி நேரம் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ஆசிரியை வாயால் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று நாலு நாலாக எண்ணிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி நடனப் போட்டிகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். கும்மிப் பாட்டுகளில் பெரும்பாலானவை திஸ்ர நடை; மூன்று மூன்றாக, "தகிட தகிட" என்று போவது. பாடும்போது அவர் வாய் மூன்றில் போகிறது, எண்ணும்போது நாலில் போகிறது. பிள்ளைகளின் கை எண்ணிக்கையையும் கால் பாட்டையும் பின்தொடர்ந்தன. குலையாமல் என்ன செய்யும்?

எண்ணுவதை நிறுத்திவிட்டு "தகிட"வின் முதல் எழுத்தில் மட்டும் கைதட்டச் சொன்னோம். பத்து நிமிடத்தில் வட்டம் நின்றது. அந்த ஆசிரியைக்குச் சங்கீதம் தெரியாது. திஸ்ரம் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டார். ஆனால் அடுத்த முறை போனபோது, "இந்தப் பாட்டு மூணா நாலா?" என்று பிள்ளைகளையே தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வைத்துக்கொண்டிருந்தார். அது நாங்கள் சொல்லிக்கொடுக்காதது.

செப்டம்பர்: மாற்றிய முடிவுகள்

காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன் இரண்டாம் சுற்றைத் திட்டமிட்டோம். முதல் முடிவு, முழு ஆட்டம் எதையும் கற்பிப்பதில்லை. ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு அசைவுகள் போதும்: ஒரு நடை, ஒரு திருப்பம். அவையும் அவர் உடம்புக்கு வருபவையாக இருக்க வேண்டும். வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது முகம் வாடியது. பிறகு, "அதுவும் சரிதான், ரெண்டு தெரிஞ்சா மூணாவது தானா வரும்" என்றார்.

இரண்டாவது, பயிற்சி நேரத்தில் கைப்பேசி பையில். வீடியோ இருந்தால் நினைவில் வைக்க வேண்டிய தேவை போய்விடுகிறது. வகுப்பில் கண் திரைக்குப் போகிறது. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். இருவர் வெளிப்படையாகவே முணுமுணுத்தார்கள்.

மூன்றாவது, வரிசை வேண்டாம், வட்டம் போதும். வட்டத்தில் முன்வரிசை என்று ஒன்று கிடையாது. ஆசிரியரும் வட்டத்தில் ஒருவராக நின்றால் எல்லார் முகமும் தெரியும். வரிசைதான் வேண்டும் என்றால் பிள்ளைகளைப் பார்த்து நின்று, தன் இடக்கையைத் தூக்கி "வலக்கை" என்று சொல்லப் பழக வேண்டும். கண்ணாடி போல. கேட்க எளிது, எல்லாருக்கும் அரைநாள் பிடித்தது.

நான்காவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. பாடக்குறிப்பை ஒரே பக்கமாகச் சுருக்கினோம். உடம்பை இளக்க 5 நிமிடம், புது அசைவுக்கு 10, குழுவாகப் பிரிந்து அதை மாற்றிப் பார்க்க 15, ஒருவருக்கொருவர் காட்ட 5, உட்கார்ந்து மூச்சு வாங்க 5. பக்கத்தின் அடியில் இரண்டே கேள்விகள்: இன்று பிள்ளை எதைத் தானே முடிவு செய்யும்? நான் எதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

குழுவில் "மாற்றிப் பார்" என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். எதை மாற்றுவது என்று கைப்பிடி வேண்டும். ருடால்ஃப் லாபான் என்ற நடன அறிஞர் 1938இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய சிந்தனையிலிருந்து அங்கே பள்ளி நடனத்துக்கு ஒரு வழிமுறை வளர்ந்தது. உடம்பில் எது அசைகிறது, எங்கே போகிறது, எப்படிப் போகிறது, யாரோடு போகிறது என்ற நான்கு கேள்விகளாக அதை எளிமைப்படுத்திக்கொண்டோம். "அதே நடையைத் தாழ்ந்து நடந்து பாருங்க", "மெதுவா", "முதுகோடு முதுகா" என்று சொன்னால் போதும், நான்காம் வகுப்பு பிடித்துக்கொள்கிறது. எங்கள் ஊர் அடவுக்கு வெளிநாட்டுக் கேள்வி எதற்கு என்று ஒருவர் கேட்டார். அடவு நம்முடையதுதான், கேட்பதற்குத்தான் லாபானிடம் கடன் வாங்கினோம் என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை.

கடைசியாக, பயிற்சி மையத்தில் ஆசிரியர்களை மாணவர்களாக நடிக்க வைக்கும் மாதிரி வகுப்பை விட்டுவிட்டோம். அருகிலிருந்த தொடக்கப் பள்ளியில் நிஜப் பிள்ளைகள் 15 பேரோடு ஒவ்வொருவரும் 15 நிமிடம் நடத்தினார்கள். மற்றவர்கள் ஆசிரியரைப் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பிள்ளையை மட்டும் பார்த்து, அந்தப் பிள்ளை எத்தனை முறை சும்மா நின்றது என்று குறிக்க வேண்டும்.

இந்தக் குறிப்புத் தாள்கள்தான் திருப்பம். நல்ல வகுப்பு என்று கைதட்டிய ஒன்றில், ஒரு பையன் 15 நிமிடத்தில் பாதிக்கு மேல் முறை வருவதற்காகக் காத்து நின்றிருந்தான். நடத்திய ஆசிரியருக்கு அது தெரியவே இல்லை.

அக்டோபர்: இரண்டு வகுப்புகள்

ஒரு பள்ளியில் பரதநாட்டியம் ஆறு ஆண்டு பயின்ற இளம் ஆசிரியை. இந்தப் பயிற்சியின் நட்சத்திரமாக வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் வகுப்பு கண்ணுக்கு அழகாக இருந்தது. பிள்ளைகள் அவரை அப்படியே பிரதி எடுத்தார்கள். நடுவில் தலைமையாசிரியர் கூப்பிட்டு அவர் ஐந்து நிமிடம் வெளியே போனார். ஆட்டம் அந்த நொடியே நின்றது. திரும்பி வரும்வரை ஒரு பிள்ளையும் நகரவில்லை.

முழங்கால் வலிக்கார ஆசிரியையின் வகுப்பு வேறு. அவர் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு அசைவைக்கூட ஆடிக் காட்டவில்லை. ஒரு பையனை அழைத்து, "வயக்காட்டு வரப்புல எப்படி நடப்பே, நடந்து காட்டு" என்றார். அவன் கையை விரித்து, கால் முன் கால் வைத்து நடந்தான். "எல்லாரும் பாத்தீங்களா? கால் எங்க வைக்கிறான்? கை எதுக்கு விரிஞ்சிருக்கு?" அதுவே அன்றைய நடை. பிறகு நான்கு நான்கு பேராகப் பிரிந்து, வரப்பில் எதிரே ஆள் வந்தால் என்ன ஆகும் என்று செய்து பார்த்தார்கள். ஒரு குழு உட்கார்ந்து வழிவிட்டது. ஒரு குழு முதுகோடு முதுகு உரசித் திரும்பியது; வாத்தியார் பார்த்திருந்தால் அடவு என்றே சொல்லியிருப்பார். அந்த ஆசிரியையின் பாடக்குறிப்பில் கற்றல் விளைவு: "எட்டுத் தட்டுக்குள் எதிரில் வருபவரைக் கடந்து தன் இடம் சேர்வர்."

நடனம் தெரிந்தவர் மோசமான ஆசிரியர் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. இளம் ஆசிரியையிடம் இதைப் பேசியபோது அவரே வழி சொன்னார்: புது அசைவை இரண்டு முறை மட்டும் ஆடிக் காட்டுவது, அப்புறம் வாயால் மட்டும். நவம்பரில் அவர் வகுப்பு மாறியிருந்தது. தெரிந்ததை அடக்கிக்கொள்வது, தெரியாததைக் கற்பதைவிடக் கடினம் என்று அவர் சொன்னது உண்மையாகவே பட்டது.

ஊரிலிருந்து எழுந்தவை

மூன்று விஷயங்களை எங்கள் திட்டம் எதிர்பார்க்கவே இல்லை.

ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் கைகோப்பது பற்றி ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் சிலர் வந்து கேட்டார்கள். கைக்குட்டையின் இரு முனையை ஆளுக்கொன்றாகப் பிடிக்க வைத்தோம். பிரச்சினை அடங்கியது, ஆட்டத்துக்கும் அது நன்றாகவே இருந்தது.

இரண்டாவது இவ்வளவு எளிதாக முடியவில்லை. ஒரு பள்ளியில் ஆசிரியர், தன் வகுப்புப் பையனின் தாத்தாவைப் பறை அடிக்க அழைக்க நினைத்தார். அவரும் சம்மதித்தார். பறையடிக்கும் சிண்டுக்குச்சியையும் அடிக்குச்சியையும் பையன் முதல் நாளே வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டியிருந்தான். மறுநாள் சிலர் வந்து தலைமையாசிரியரிடம் பேசினார்கள். சாதி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. "பள்ளிக்கூடத்துல அந்தச் சத்தம் எதுக்கு" என்று மட்டும் கேட்டார்கள். தலைமையாசிரியர் பயந்தார். எங்களைக் கேட்டார். "இந்த முறை பிளாஸ்டிக் வாளியில் தட்டிக்கொள்ளட்டும்" என்றோம். பாடவேளை நடந்தது. அந்தப் பையன் அன்று விடுப்பு. நாங்கள் எடுத்த முடிவுகளில் இன்றும் உறுத்துவது இதுதான். சமாளித்துவிட்டோம் என்று அன்று அறிக்கையில் எழுதினேன். பையனுடைய வீட்டுக்கு யாரும் போகவில்லை.

மூன்றாவது, ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு நான்காம் வகுப்புச் சிறுமி. அவளைத் தாளம் தட்ட வைத்திருந்தார்கள். நாங்களும் முதலில் பாராட்டினோம். அக்டோபரில் குறிப்புத் தாளோடு அவளைப் பார்த்தவர் எழுதியிருந்தது: "எல்லா வாரமும் தாளம். ஒரு முறையும் ஆடவில்லை." அதன்பின் அந்த வகுப்பில் உட்கார்ந்தே ஆடும் பகுதி ஒன்று எல்லாருக்குமே சேர்க்கப்பட்டது, கையும் தோளும் கழுத்தும் மட்டும். அதில் அவள் செய்த கழுத்தசைவைத்தான் மற்ற குழுக்கள் கடன் வாங்கின.

இன்னொரு சின்னப் பாடமும் உண்டு. கோலாட்டம் எடுத்த ஒருவர், பிள்ளைகளுக்கு அடிபடக் கூடாது என்று நாளிதழைச் சுருட்டிப் பசை போட்டுக் கோல் செய்தார். அழகாக இருந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. சத்தம் இல்லாத கோலாட்டத்தில் யார் தவறினார்கள் என்றே தெரியாது. பிறகு சவுக்குக் குச்சியை முழ நீளத்துக்கு வெட்டி, முனையைத் தேய்த்துக் கொடுத்தார்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை

நவம்பர் வந்ததும் பாதிப் பள்ளிகளில் பாடவேளை நின்றது. போட்டிகள், அரையாண்டுத் தேர்வு, பிறகு ஆண்டு விழா ஒத்திகை. "பயிற்சி எடுத்த டீச்சர்" என்பதாலேயே அவர்கள் விழா நடனத்துக்குப் பொறுப்பாக்கப்பட்டார்கள். எந்தப் பழக்கத்துக்கு மாற்றாகப் பயிற்சி கொடுத்தோமோ அதற்கே ஆள் பிடித்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

பிப்ரவரி இறுதிக் கணக்கு இது. 22 பேரில் 13 பேர் நான்கு பாடவேளைக்கு மேல் நடத்தியிருந்தார்கள். நால்வர் ஒன்றிரண்டோடு நிறுத்திவிட்டார்கள். ஐவர் எதுவும் நடத்தவில்லை; அதில் இருவருக்கு இடையில் மாறுதல் வந்துவிட்டது. 13 பேரில் ஒன்பது பேர் ஈராசிரியர் பள்ளிக்காரர்கள். கூட்டு வகுப்பு நடத்திப் பழகியவர்களுக்குப் பல வயதுப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரிப்பது புதிதல்ல என்பது என் ஊகம். பெரிய பள்ளிகளில்தான் நன்றாக நடக்கும் என்று நாங்கள் எண்ணியதற்கு நேர்மாறு.

இரண்டு பள்ளிகளில் ஆண்டு விழா மேடையில் முழு வகுப்பும் ஏறியது. ஒன்றில் பெற்றோர் ரசித்தார்கள். இன்னொன்றில், "போன வருஷம் நல்லா இருந்துச்சு, இது என்ன கூட்டமா" என்றார்கள். அதுவும் பதிவாக வேண்டியதுதான்.

இனி மாற்றுபவை

பயிற்சியை ஜூன் கடைசியில் தொடங்கி அக்டோபருக்குள் முடிக்க வேண்டும். நவம்பர் நம் கையில் இல்லை. இரண்டு நாள் ஒரேயடியாக வைப்பதைவிட, பக்கத்துப் பள்ளிகள் சில சேரும் குறுவள மையத்தில் மாதம் ஒரு அரைநாள் என்று நான்கு முறை. தலைமையாசிரியர்களை முதல் அமர்வுக்கு அழைத்து, ஒரு பிள்ளையைப் பார்க்கும் குறிப்புத் தாளை அவர்கள் கையிலும் கொடுக்க வேண்டும். விழா ஒத்திகை வேறு, பாடவேளை வேறு என்பதை வாயால் சொல்வதைவிட அது விளங்கவைக்கும். கருத்துப் படிவம் பயிற்சி முடிந்த அன்று வேண்டாம், ஆறு வாரம் கழித்து.

பறையைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும், சத்தம் கிளம்பிய பிறகு அல்ல. எந்தக் கலை பள்ளிக்குள் வரலாம் என்பதைத் தலைமையாசிரியர் தனியாக முடிவு செய்யும்படி விடக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஜூலையிலேயே வைத்து, தீர்மானமாக எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாத்தாவை நேரில் பார்த்துப் பேச வேண்டிய கடன் எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

வாத்தியாருக்கு உரிய மதிப்பூதியம் மார்ச் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தது, அதுவும் இரண்டு நாளுக்கு மட்டும். செப்டம்பரில் அவர் வந்த மூன்று நாள்கள் கணக்கில் ஏறவில்லை. அடுத்த ஆண்டு வருவீர்களா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.